வெளியாட்கள் எழுதி பிரவுசருக்குள் ஏற்றிய நிரல்: பிக்சர் டேக் பற்றிய நிகழ்வு ஆய்வு

கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் சின்னப் படமும், பெரிய திரையில் திறந்தால் பெரிய படமும் தானாக வருவது இன்று சாதாரணம். 2012ல் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அதற்கு வழியே கிடையாது. பக்கத்தில் படத்தை வைக்கும் குறியான இமேஜ் டேக்கில் ஒரே ஒரு பட முகவரிதான் எழுத முடியும். 2000 பிக்சல் அகலப் படத்தைப் போட்டால் கைப்பேசியில் பார்ப்பவரும் அதை முழுசாக இறக்கியாக வேண்டும். சின்னதைப் போட்டால் பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். ஒரு பக்கத்தின் மொத்த எடையில் பாதிக்கும் மேல் படங்களாகவே இருந்த காலம் அது. மெதுவான இணைப்பில் இருப்பவர்கள்தான் இதற்கு விலை கொடுத்தார்கள்.

இந்தக் குறையைத் தீர்த்தது பிக்சர் டேக். அதற்கான நிரலில் பெரும்பகுதியை, குரோமின் அடியில் இருந்து பக்கங்களைத் திரையில் வரைந்துகாட்டும் பிளிங்க் என்ஜினுக்குள் கொண்டுபோனவர் யோவ் வைஸ். அப்போது அவர் எந்த பிரவுசர் நிறுவனத்திலும் வேலை பார்க்கவில்லை. தனியாக இயங்கிய டெவலப்பர். அவர் அந்த வேலையைச் செய்ய, அந்த வசதிக்காகக் காத்திருந்த மற்ற டெவலப்பர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பங்களிப்பு என்றதும் நாம் பெரும்பாலும் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கட்டளைகளில் தொடங்கி, நம் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டில் முடித்துவிடுகிறோம். அதெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொள்ளக்கூடியது. கடினமான பாதி வேறு. நாம் எழுதித் தரும் நிரலை நாளைக்குச் சுமக்கப் போகிறவர்கள் வேறு யாரோ. அவர்களுடைய சுமை என்ன என்று புரிந்துகொள்ளாத பங்களிப்பு, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் வாசலிலேயே நிற்கும். பிக்சர் டேக்கின் கதையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் இதை எடுத்தேன்.

முன்னால் ஓடும் ஸ்கேனர்

திரைக்கு ஏற்ப வளையும் வடிவமைப்பு 2010 வாக்கில் பரவத் தொடங்கியது. 2011ல் பாஸ்டன் குளோப் நாளிதழ் தன் தளத்தை அந்த முறையில் மாற்றியமைத்தபோது, இவ்வளவு பெரிய தளத்திலும் இது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. படங்களுக்கு அந்தக் குழு, பக்கத்துக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை நம்பியது. ஸ்கிரிப்ட் திரையின் அளவைப் பார்க்கும், அதற்கேற்ற படத்தைக் கேட்கும். கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் பிரவுசர்கள் ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே படங்களை இறக்கத் தொடங்கிவிட்டன. விளைவாக ஒரே இடத்துக்கு இரண்டு படங்கள் இறங்கின: முதலில் தேவையில்லாதது, பிறகு தேவையானது. வேகப்படுத்த வந்த தந்திரமே பக்கத்தை மெதுவாக்கியது.

பிரவுசர்கள் ஏன் அப்படிச் செய்தன என்பதைப் புரிந்துகொண்டால் இந்த முழு நிகழ்வும் புரிந்துவிடும். எச்டிஎம்எல்லைப் படித்துக்கொண்டே போகும் பார்சர் ஒரு ஸ்கிரிப்டைச் சந்தித்தால், அது இறங்கி ஓடி முடியும் வரை நின்றுவிடும். அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்க ப்ரீலோட் ஸ்கேனர் என்று ஒன்று உண்டு. படையெடுப்புக்கு முன் வழி பார்த்து வரும் ஒற்றனைப் போல, அது மீதிப் பக்கத்தை வேகமாக மேய்ந்து, எந்தெந்தக் கோப்புகள் தேவைப்படும் என்று பார்த்து இறக்கத் தொடங்கிவிடும். பக்க வேகத்துக்கு அது செய்யும் நன்மை மிகப் பெரியது. அதைக் கைவிட எந்த என்ஜின் குழுவும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது.

ஆனால் அந்த ஸ்கேனர் ஓடும் நேரத்தில், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் இன்னும் வந்திருக்காது. பக்கத்தின் அமைப்பு கணக்கிடப்பட்டிருக்காது. ஒரு படம் திரையில் எத்தனை பிக்சல் அகலத்தில் உட்காரப் போகிறது என்று சொல்ல யாருமில்லை. திரையின் அளவும் அதன் பிக்சல் அடர்த்தியும் மட்டும் தெரியும். ஆக, எந்தத் தீர்வு வந்தாலும் இந்த இரண்டை மட்டும் வைத்துப் படத்தைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். இணையதளம் கட்டுபவர்களில் பலருக்கு இந்தக் கட்டுப்பாடு அப்போது தெரியாது. என்ஜின் எழுதுபவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டு கூட்டம், இரண்டு மொழி

2012 தொடக்கத்தில், வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் கீழ் ரெஸ்பான்சிவ் இமேஜஸ் சமூகக் குழு உருவானது. பாஸ்டன் குளோப் தளத்தில் வேலை செய்த மேட் மார்க்விஸ் அதை வழிநடத்தினார். வீடியோ டேக்கின் சாயலில் பிக்சர் என்று ஒரு டேக், அதற்குள் ஒவ்வொரு திரை அளவுக்கும் ஒரு சோர்ஸ் டேக் என்பது அவர்களுடைய யோசனை. அதே ஆண்டு மே மாதம் ஆப்பிளைச் சேர்ந்த ஒருவர் வேறு வழியை முன்வைத்தார்: இமேஜ் டேக்கிலேயே எஸ்ஆர்சி-செட் என்று ஒரு பண்பைச் சேர்த்து, பல முகவரிகளை வரிசையாக எழுதலாம். சில நாட்களிலேயே அதன் ஒரு வடிவம் எச்டிஎம்எல் வரையறைக்குள் ஏறியது.

மாதக்கணக்கில் விவாதித்தவர்கள் கொதித்தார்கள். நாங்கள் இவ்வளவு நாள் பேசியதை யாரும் பார்க்கவே இல்லையா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். அதே சமயம் என்ஜின் தரப்பின் தயக்கமும் வெறும் பிடிவாதம் இல்லை. பழைய பிக்சர் யோசனையில் பிக்சர் டேக்கே படத்தைக் காட்டும். அப்படியானால் இமேஜ் டேக் பல வருடங்களாகச் செய்துவரும் எல்லாவற்றையும் அது மறுபடி செய்ய வேண்டும்: படம் இறங்கியதும் சொல்லும் நிகழ்வு, இறங்காவிட்டால் மாற்று வரி, பார்வையற்றோர் பயன்படுத்தும் கருவிகளுக்கான தகவல், அகல உயரக் கணக்கு, கேச்சில் தேடுவது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரல்களை என்றென்றைக்கும் பராமரிக்க வேண்டும். எந்தப் பராமரிப்பாளரும் பின்வாங்குவார்.

இதை அந்தக் குழு உடனே காதில் வாங்கவில்லை, என்ஜின் தரப்பும் பொறுமையாக விளக்கவில்லை. ஒன்றரை வருடம் இப்படியே போனது. 2013 செப்டம்பரில் பாரிஸில் மொசில்லா அலுவலகத்தில் இரு தரப்பும் நேரில் உட்கார்ந்த பிறகு விஷயம் நகர்ந்தது. கூகுளின் டாப் அட்கின்ஸ் எண்ணிட்ட பண்புகளை வைத்து ஒரு மூன்றாவது யோசனை கொண்டுவந்தார். ஆப்பிளின் சஃபாரியில் ஓடும் வெப்கிட் என்ஜின் தரப்பு அதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகு, அப்போது ஓபராவில் இருந்த சைமன் பீட்டர்ஸ் முடிச்சை அவிழ்த்தார். படத்தைக் காட்டுவது எப்போதும் இமேஜ் டேக்தான். அதைச் சுற்றியிருக்கும் பிக்சரும் சோர்ஸும் எந்த முகவரியை எடுப்பது என்று அதற்குச் சொல்வதோடு சரி.

கேட்டதும் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பராமரிப்பாளரின் சுமையில் பெரும்பகுதியை இந்த ஒரு மாற்றம் இறக்கி வைத்தது. பழைய நிரல் அப்படியே இருக்கும், புதிதாகச் சேர்வது தேர்வு செய்யும் பகுதி மட்டும். பழைய பிரவுசர்கள் தெரியாத டேக்குகளை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் இமேஜைக் காட்டும். எஸ்ஆர்சி-செட்டும் சண்டைக்காரராக இல்லாமல் அதே ஏற்பாட்டின் ஒரு பாகமாகிவிட்டது. படத்தின் அகலத்தைப் பக்கம் எழுதுபவரே முன்கூட்டிச் சொல்ல சைசஸ் என்ற பண்பும் சேர்ந்தது. ஸ்கேனருக்குத் தெரியாமல் இருந்த அந்த ஒரு தகவல் அப்படித்தான் அதன் கைக்கு வந்தது.

2012லேயே பழைய யோசனையை ஒத்துக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்குமே என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது உள்ளே போயிருந்தால், இமேஜ் டேக்கில் சரிசெய்யும் ஒவ்வொரு பிழையையும் பிக்சரிலும் தனியாகச் சரிசெய்துகொண்டிருப்போம். காத்திருந்த காலத்தில் யோசனை திருந்தியது. திருந்துவதற்கு அவ்வளவு கசப்பு தேவைப்பட்டதுதான் வருத்தம்.

பிளிங்குக்குள் நடந்த வேலை

வரையறை ஒரு வடிவத்துக்கு வந்தபோது யோவ் வைஸ் ஏற்கெனவே என்ஜின் நிரலில் கை வைத்திருந்தார். 2013 ஏப்ரலில் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க்கைத் தனி ஃபோர்க்காக, அதாவது அதிலிருந்து கிளைத்த தனித் தொகுப்பாக அறிவித்திருந்தது. இரண்டு தொகுப்புகளும் வேகமாக வேறு வேறு திசையில் போயின. ஒன்றுக்கு எழுதிய பேட்ச், அதாவது நிரல் மாற்றம், மற்றதில் அப்படியே பொருந்தாது.

பிளிங்க்கில் வெளியாள் ஒருவர் பங்களிக்க முதலில் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், ஆசிரியர் பட்டியல் கோப்பில் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு அடைவுக்கும் பொறுப்பாளர்கள் உண்டு, அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் நிரல் நுழையாது. வலைக்குப் புதிய வசதி என்றால் கூடுதலாக இரண்டு படி: செய்யப் போகிறோம் என்று முன்னறிவிப்பு, வெளியிடப் போகிறோம் என்று இன்னொரு அறிவிப்பு. இரண்டாவதற்கு, வலைக்குப் புதிய வசதிகளை அனுமதிக்கும் ஏபிஐ பொறுப்பாளர்கள் மூன்று பேர் சம்மதம் சொல்ல வேண்டும். சம்மதத்துக்கு அவர்கள் பார்ப்பது நிரல் ஓடுகிறதா என்பதை மட்டுமல்ல. மற்ற பிரவுசர்கள் என்ன நினைக்கின்றன, வரையறை நிலையாக இருக்கிறதா, டெஸ்டுகள் உண்டா என்பதையும் பார்ப்பார்கள். ஒருமுறை வலையில் வந்துவிட்டதைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால் இந்தக் கெடுபிடி.

அவர் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பிக்சர் என்ற பெயரே வராத பகுதி. திரை அகலம் போன்ற நிபந்தனைகளைச் சொல்லும் மீடியா குவெரியைக் கணக்கிடும் நிரல் பிளிங்க்கில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது என்ஜினின் முதன்மைத் திரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச்சரங்களில் ஒன்றில்), பக்கத்தின் நிலையை நேரடியாகக் கேட்டுக் கேட்டு ஓடியது. ப்ரீலோட் ஸ்கேனரோ பின்னணித் திரெட்டில் ஓடியது. அங்கிருந்து பக்கத்தின் பொருள்களைத் தொடக்கூடாது. தொட்டால் எப்போது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. அதனால் திரையின் அகலம், உயரம், பிக்சல் அடர்த்தி, எழுத்தின் அளவு போன்ற மதிப்புகளை முன்கூட்டியே நகலெடுத்து, அந்த நகலைப் பின்னணிக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டியிருந்தது. மீடியா குவெரி நிரல் பக்கத்தைக் கேட்பதற்குப் பதிலாக அந்த நகலைக் கேட்கும்படி மாற்றப்பட்டது.

அடுத்தது பார்சர். அப்போதிருந்த சிஎஸ்எஸ் பார்சரும் பின்னணித் திரெட்டில் ஓட லாயக்கில்லை. எனவே மீடியா குவெரிக்கு மட்டும் ஒரு சின்னப் பார்சர் புதிதாக எழுதப்பட்டது. அதன் மேல் சைசஸ் பண்பைப் படிக்கும் நிரல், அதற்குள் கூட்டல் கழித்தல் கணக்கு வந்தால் அதைச் செய்யும் நிரல். பக்கத்தின் தலைப்பகுதியில், எந்த அகலத்தில் பக்கத்தைக் காட்டுவது என்று சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இருந்தால் அகலமே மாறிவிடும், அதையும் ஸ்கேனர் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கேனர் ஒரு படத்தை இறக்கும், பார்சர் வந்து இன்னொன்றைக் கேட்கும். பாஸ்டன் குளோப் குழு பட்ட அதே பாடு என்ஜினுக்குள்ளேயே மீண்டும் நடந்திருக்கும்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் பிக்சர் டேக்குக்கான நிரலுக்கே இடம் வந்தது. மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் அது சின்னது. முழு வேலையும் ஒரே பெரிய பேட்ச்சாக வரவில்லை. தனித்தனியாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய துண்டுகளாக, டெஸ்டுகளோடு வந்தது. சோதித்துப்பார்க்க விரும்பும் டெவலப்பர்கள் மட்டும் இயக்கும்படி, ஃபிளாக் எனப்படும் ஒரு சுவிட்சின் பின்னால் வைக்கப்பட்டது. அதனால் பாதி முடிந்த நிலையிலும் நிரல் மெயின் கிளைக்குள் போக முடிந்தது, யாருக்கும் எதுவும் உடையவில்லை.

பெரிய மாற்றத்தைக் கொண்டுபோக நினைக்கும் எவரும் இந்த வரிசையைக் கவனித்துப் பார்க்கலாம். ரிவ்யூ செய்பவரிடம் ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே நாளில் கொட்டினால், அவர் ஒன்று படிக்காமலே தள்ளிப் போடுவார், இல்லை மேலோட்டமாகப் பார்த்து ஒப்புக்கொள்வார். இரண்டுமே திட்டத்துக்கு நல்லதில்லை. மீடியா குவெரி நிரலைத் திரெட்டுகளுக்கு இடையே பாதுகாப்பாக்கும் ஒரு பேட்ச், பிக்சர் வந்தாலும் வராவிட்டாலும் என்ஜினுக்கு நல்லது. அப்படிப்பட்ட பேட்ச்சை மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்து வந்தவர் மீது ரிவ்யூவர்களுக்கு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டே வரும்.

பணம்

இவ்வளவு வேலையை மாலை நேரங்களில் முடிக்க முடியாது. 2014ல் இண்டிகோகோவில் பணம் திரட்டும் முயற்சி தொடங்கியது. இலக்கு 10 ஆயிரம் டாலர். இலக்கைத் தாண்டிப் பணம் வந்தது. பிரவுசரில் ஒரு வசதி வேண்டும் என்று அதைப் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து பணம் போட்டது அபூர்வமான விஷயம், மனதைத் தொட்ட விஷயமும்கூட.

ஆனால் இதை வழக்கமான முறையாக ஆக்கச் சொல்ல மாட்டேன். இது நடந்ததற்குச் சூழ்நிலை உதவியது. இரண்டு வருட விவாதத்தால் பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வரையறை தயார், செய்யக்கூடியவர் யார் என்பதும் அவர் எழுதிய பேட்ச்சுகளில் தெரிந்தது. இந்த மூன்றும் இல்லாமல் திரட்டும் பணம் வாக்குறுதியாகவே நின்றுபோகும். மேலும், எழுதி முடிக்கத்தான் அந்தப் பணம். அதற்குப் பின் வரும் வருடங்களில் அந்த நிரலைப் பார்த்துக்கொள்வது என்ஜின் குழுவின் சம்பளத்தில்தான் நடக்கிறது. வைஸும் பிறகு ஆகமாயிலும் அப்புறம் கூகுளிலும் சேர்ந்து பிரவுசர் வேக வேலையைத் தொடர்ந்தார்.

2014 அக்டோபரில் குரோம் 38ல் பிக்சர் வந்தது, அதே என்ஜினில் ஓடிய ஓபராவிலும் அதே மாதம். 2015 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 38, அந்த நவம்பரில் எட்ஜ், 2016 மார்ச்சில் சஃபாரி 9.1. இடைப்பட்ட காலத்தில் பிக்சர்ஃபில் என்ற ஸ்கிரிப்ட், புதிய எழுத்துமுறையைப் பழைய பிரவுசர்களிலும் ஓட வைத்தது. வசதி வரும் முன்பே தளங்களில் அதை எழுதிப் பழக அது உதவியது.

வேர்ட்பிரஸ்

பிரவுசரில் வந்தால் மட்டும் போதாது, பக்கங்களில் யாராவது எழுத வேண்டும். படத்தைப் பதிவேற்றிவிட்டுப் போகும் சாதாரண எழுத்தாளர் சைசஸ் பண்பை எழுத மாட்டார், எழுதச் சொல்லவும் கூடாது. 2015 இறுதியில் உலகின் இணையதளங்களில் ஏறக்குறைய கால்வாசி, தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடின. அதே சமூகக் குழு அடுத்து அங்கே போனது.

முதலில் வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய தனி பிளகினாக எழுதி, உண்மையான தளங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் சந்தித்த சுமை வேறு வகை. படத்துக்கான புதிய பண்புகளைக் கட்டுரையோடு சேர்த்து டேட்டாபேஸில் எழுதிவிட்டால், நாளைக்குத் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் மாறும்போது பழைய கட்டுரைகளில் தவறான அளவுகள் உறைந்து கிடக்கும். அதனால் கட்டுரை சேமிக்கப்படும்போது எதையும் தொடாமல், பக்கம் காட்டப்படும் நேரத்தில் மட்டும் பண்புகளைச் சேர்க்கும் வழிக்கு வந்தார்கள். பிளகினை அணைத்தால் தடமே இருக்காது.

அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும், அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் டேட்டாபேஸைக் கேட்க நேரும். மலிவான பகிர்வு சர்வரில் இருக்கும் தளங்களுக்கு இது தாங்காது. கட்டுரையில் இருக்கும் எல்லாப் படங்களின் எண்களையும் முதலில் சேகரித்து, விவரங்களை ஒரே தடவையில் கேச்சுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஒரே விகிதத்தில் இருக்கும் படங்கள் மட்டும் பட்டியலில் சேரும், வேறு மாதிரி வெட்டப்பட்டவை சேராது. 1600 பிக்சலுக்கு மேல் அகலமானவை அப்போது விடப்பட்டன, வேண்டுமானால் ஃபில்டர் என்ற சின்ன நிரல் மூலம் அந்த வரம்பை மாற்றிக்கொள்ளலாம். பெரிய கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் பொருந்த 768 பிக்சல் அகலத்தில் ஒரு புதிய அளவும் சேர்ந்தது. பிக்சர் டேக்கை அங்கே பயன்படுத்தவில்லை. எந்தத் திரையில் படத்தை எப்படி வெட்டுவது என்பது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு, அதை நிரல் ஊகிக்கக் கூடாது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. எஸ்ஆர்சி-செட்டும் சைசஸும் மட்டும் போதுமாக இருந்தன.

2015 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 4.4 வெளியானபோது இது மையத் தொகுப்பில் இருந்தது. தள உரிமையாளர் எந்தப் பொத்தானையும் அழுத்தத் தேவையில்லை. புதுப்பித்த தளங்களில் பழைய கட்டுரைகளின் படங்களுக்கும் அது வேலை செய்தது.

ஒரு குறை மட்டும் தங்கிவிட்டது. தீமின் அமைப்பு வேர்ட்பிரஸுக்குத் தெரியாததால், படம் அதன் முழு அகலத்திலோ திரை அகலத்திலோ, எது சிறியதோ அதில் காட்டப்படும் என்ற ஊகத்தையே அது சைசஸில் எழுதியது. பக்கப் பட்டை இருக்கும் தளங்களில் இது தேவைக்கு மேல் பெரிய படத்தை இறக்கும். தீம் எழுதுபவர்கள் ஃபில்டர் வைத்துத் திருத்தலாம், பலர் திருத்தவில்லை. 2019ல் குரோம் 76 படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங் பண்பைக் கொண்டுவந்தபோது இதற்கு ஒரு வழி திறந்தது. அப்படி இறங்கும் படத்தை பிரவுசர் கேட்கும் நேரத்தில் பக்கத்தின் அமைப்பு கணக்கிடப்பட்டிருக்கும், ஆகவே படத்தின் அகலத்தை ஊகிக்க வேண்டியதில்லை. சைசஸில் ஆட்டோ என்று எழுதினால் பிரவுசரே பார்த்துக்கொள்ளும் வசதி 2024ல் குரோம் 126ல் வந்தது, அதே வருடம் நவம்பரில் வேர்ட்பிரஸ் 6.7 அதைத் தானாகச் சேர்க்கத் தொடங்கியது. பக்கத்தின் மேற்பகுதியில் உடனே இறங்க வேண்டிய படங்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு ஸ்கேனர் இன்னும் பக்கம் எழுதுபவர் சொல்லும் அகலத்தை நம்பித்தான் ஓடுகிறது.